கஸ்பாருக்கு ஒரு பக்கத்து வீடு

மூன்றாவது மாடி ஜெபசிங் பகலெல்லாம் கதவைச் சாத்தி வைத்துக்கொள்வதில் பிரமநாயகிக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் அவன் யாருடன் பேசுகிறான் என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. கல்யாணமாகாத முப்பது வயதுப் பையன், தனி ஆள், வீட்டில் இருந்தே ஏதோ கம்பெனி வேலை. அப்படிப்பட்டவன் தினமும் காலை வெயில் ஏறுகிற நேரத்தில், அதாவது பிரமநாயகி மொட்டைமாடிக்கு வடகம் காயப்போட ஏறுகிற சமயம் பார்த்து, "கஸ்பார், இன்னைக்குக் கடலுக்குப் போகாதீங்க!" என்று கெஞ்சுவது படிக்கட்டு வரை கேட்டது. மறுநாளும் அதே கெஞ்சல். பாளையங்கோட்டையில் கடல் எங்கே இருக்கிறது?

சில நாள் பொறுத்துப் பார்த்தாள். அதற்குமேல் பொறுத்தால் அக்கம்பக்கத்தார் என்று சொல்லிக்கொள்ள என்ன யோக்கியதை இருக்கிறது? ஒரு வியாழக்கிழமை, சொதி வைத்த கையோடு தூக்குச்சட்டியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மேலே போய்க் கதவைத் தட்டினாள். சொதியை மறுத்துத் திருப்பி அனுப்பும் ஆண்பிள்ளை திருநெல்வேலிச் சீமையில் இன்னும் பிறக்கவில்லை.

உள்ளே பெண்பிள்ளை யாரும் இல்லை. பிரமநாயகிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மேசைமேல் அரிசி டின் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து போன வயரின் முனையில், குளிர்காலத்தில் கிழவர்கள் போட்டுக்கொள்வதுபோல் ஒரு குல்லாய். சாய்வு நாற்காலி ஒன்று. அவ்வளவுதான்.

"யாருய்யா அந்தக் கஸ்பாரு? கெஞ்சிக் கெஞ்சி ஒந் தொண்டையே கட்டிப்போச்சு."

"கதையில வர்ற ஆளு ஆன்ட்டி. 'மூச்சுக் கயிறு'ன்னு ஒரு பழைய தொடர்கதை."

பிரமநாயகி தூக்குச்சட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமான புதிதில், யாரோ பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்து வைத்திருந்த அந்தத் தொடர்கதையை அடுப்படியில் உட்கார்ந்து படித்தவள் அவள். கடைசி அத்தியாயம் படித்த அன்று புருஷன் குற்றாலிங்கத்துக்கு ரசம் கிடையாது. கேட்டதற்கு, "ஒரு மனுசன் செத்துக் கெடக்கான், ஒங்களுக்கு ரசம் கேக்குதோ?" என்று சண்டை பிடித்தாள்.

கதை இதுதான். சங்குமுனை என்று ஒரு கடற்கரை ஊர். கஸ்பார் சங்கு குளிக்கிறவன். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிக்கடலுக்குப் போவான். அந்த ஊர் வழக்கப்படி, குளிப்பவனின் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிப்பது மனைவியின் சகோதரன்தான். அப்பனைக்கூட நம்பமாட்டார்கள். தங்கை தாலி போய்விடுமே என்ற பயத்தில் மச்சான் மட்டும் கயிற்றை விடமாட்டான் என்று கணக்கு. கஸ்பாரின் கயிறு மிக்கேல் கையில்.

கஸ்பாரின் சிநேகிதன் சூசை, வேற்றுச் சாதிப் பெண் பிலோமியை யாருக்கும் தெரியாமல் கட்டி, ஒரு பிள்ளையையும் கொடுத்துவிட்டுச் செத்துப்போனான். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் ஊரவிட்டு வெரட்டிருவாரு. யார்ட்டயும் சொல்லிராத" என்று சாகும்போது சத்தியம் வாங்கினான். அதிலிருந்து சனிக்கிழமை தோறும் பொழுது சாய, ஓலைப்பெட்டியில் அரிசியும் மீனும் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவான் கஸ்பார். ஒருநாள் அவன் அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பதை மிக்கேல் பார்த்துவிடுகிறான். தங்கைக்குத் துரோகம் என்று நினைக்கிறான். மறுநாள் அடிக்கடலில் ஒரு பழைய வலையில் கஸ்பாரின் கால் சிக்குகிறது. கயிற்றை அசைக்கிறான். மேலே மிக்கேல் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறான். முற்றும்.

"இந்தப் பெட்டிக்குள்ள அந்த ஊரு இருக்கு ஆன்ட்டி" என்றான் ஜெபசிங். "எழுதுனவரு எழுதுனது எல்லாம் அப்படியே. ஆனா கஸ்பாருக்கும் மிக்கேலுக்கும் சொந்தமா புத்தி குடுத்திருக்கோம். கதையில உள்ளபடிதான் நடக்கணும்னு அவங்களுக்குக் கட்டாயம் கெடையாது."

"பொறவென்ன? பொழைச்சிட்டுப் போக வேண்டியதுதான?"

"பொழைக்க மாட்டேங்கறாரே! அதுதான் என் வேலை. இந்தச் சாவு தவிர்த்திருக்கக் கூடியதா, இல்ல விதியான்னு வாசகருங்க காலங்காலமா அடிச்சுக்கறாங்க. ஓட்டிப் பாத்துச் சொல்லணும். எத்தன தடவ ஓட்டினாலும் மூழ்கிடறாரு."

"ஆள மாத்திப் பாத்தியா?"

"பாத்தேனே. வாக்குத் தவறுற ஆளா மாத்துனேன். பொழைச்சாரு, ஆனா மறு வாரமே பக்கத்து வள்ளத்துச் சங்கத் திருடி வித்துக்கிட்டிருந்தாரு. அவரு கஸ்பாரே இல்ல. மிக்கேல சாந்தமான ஆளா மாத்துனேன். கயித்தப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டாரு."

பிரமநாயகிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்ததாக அவன் சொன்னதில் அது நின்றுபோயிற்று. சனிக்கிழமையோடு முடித்துவிடச் சொல்லிக் கம்பெனியில் உத்தரவாம். 'தவிர்க்க முடியாத முடிவு' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பெட்டியை அணைத்துவிட வேண்டுமாம்.

"அணைச்சா கஸ்பாரு?"

"அணைக்கிற நொடியில எங்க இருக்காரோ அங்கயே நின்னுருவாரு. அவருக்கு அது தெரியாது. ஆனா அப்படியேதான்."

"தண்ணிக்கடியில, கயித்த ஆட்டிக்கிட்டே?"

ஜெபசிங் சொதியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரமநாயகிக்கு மூக்கு விடைத்தது. இரண்டாம் மாடிப் பெண் வளைகாப்புக்கு அழைக்காதபோதுகூட அவளுக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. "நீ ஆளத்தான மாத்துன? தெருவ மாத்துனியா? சனிக்கெழம சனிக்கெழம ஒருத்தன் ஓலப்பொட்டியத் தூக்கிட்டுப் போறான். அந்தத் தெருவுல ஒருத்தி, ஒரேயொருத்தி, 'எங்க போற? யாருக்குப் போவுது?'ன்னு கேக்கல. இதெல்லாம் ஒரு ஊரா? எழுதுனவரு பெரிய மனுசன். பொம்பளைக பொறணி பேசுறத எழுதக் கூச்சப்பட்டிருக்காரு. அதுல ஒரு உசிரு போச்சு."

அவன் கதையின் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினான். கஸ்பாரின் வீட்டை வர்ணித்த இடம். கடைசியில் ஒரு சின்ன வரி: பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது.

"சாவியக் கொண்டா" என்றாள் பிரமநாயகி.

குல்லாயை மாட்டினால் அந்தப் பூட்டிய வீட்டுக்கே குடிபோகலாம் என்றான் ஜெபசிங். சட்டதிட்டம் கொஞ்சம்தான். கஸ்பாரிடம், நீ கதையில் வருகிற ஆள் என்று சொல்லக் கூடாது, புத்தி கலங்கிவிடும். இனி நடக்கப்போவதையும் சொல்ல முடியாது. சொன்னால் அலைச் சத்தமாகத்தான் கேட்கும். நடந்து முடிந்ததை எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

"நடந்ததப் பேசுறதுதானய்யா எனக்குத் தொழிலே" என்று குல்லாயை மாட்டிக்கொண்டு சாய்ந்தாள்.

தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. மத்தியானம் படுத்துக்கொண்டிருக்கும்போது வெளியே பழைய இரும்புக்காரன் கூவுவது கேட்டும் கண் திறக்க வராதே, அந்த நிலை. மெதுவாக உப்பு வாடை வந்தது. பிறகு வெளிச்சம், தண்ணீருக்கடியில் இருந்து பார்ப்பதுபோல் அசைந்துகொண்டே. கையில் ஒரு சாவி இருந்தது.

சங்குமுனையில் எழுதப்பட்டதெல்லாம் இருந்தது. எழுதாததெல்லாம் பனியாக இருந்தது. மாதா கோயிலின் முன்புறம் மட்டும் இருந்தது. பின்னால் போய்ப் பார்த்தால் வெள்ளையாகப் புகை. தெருவில் ஒரு நாய்க்கு மூன்று கால்தான் வர்ணிக்கப்பட்டிருந்தது போலும், நாலாவது காலை வைக்கும் இடத்தில் ஒரு சின்ன மேகம் வந்து வந்து போயிற்று. அவள் பூட்டைத் திறந்து உள்ளே காலடி வைத்ததும் வெற்றுப் பனியாய் இருந்த வீடு அவளைப் பார்த்துப் பார்த்துத் தன்னை அடுக்கிக்கொண்டது. அவள் வீட்டு அஞ்சறைப்பெட்டி, அவள் வீட்டு நாற்காலி, அவள் வீட்டுக் குக்கர். குக்கர் விசில் அடித்தபோது அந்தப் பழங்காலத்து மீன்பிடி ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் கஸ்பார் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். எழுதியிருந்ததைவிடச் சின்ன வயசாக இருந்தான். பல் வரிசைதான் கொஞ்சம் கோணல். அதை எழுதினவர் மறைத்துவிட்டார்.

அன்றைக்கு அவள் செய்தது பிசகு. நேராக அவனிடமே போய், "தம்பி, நீ பிலோமி வீட்டுக்குப் போறத ஒம் மச்சான் பாத்துட்டான், கேட்டியா" என்று சொல்லிவிட்டாள்.

அவன் கயிற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பாத்தா பாக்கட்டும் எக்கா. என் மனசுல கள்ளம் இல்ல."

"நாளைக்கு அவன்..." என்று ஆரம்பித்தாள். வாயிலிருந்து அலைதான் வந்தது.

மறுநாள் கஸ்பார் கடலுக்குப் போனான். கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பிரமநாயகி கண் விழித்தபோது ஜெபசிங் தண்ணீர் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

வீட்டுக்கு இறங்கி வந்தால் குற்றாலிங்கம் வாக்கிங் முடித்து வந்து சோபாவில் கண்ணை மூடிக் கிடந்தார். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்ற மனிதர். ஓய்வுக்குப் பின் அவருக்கு வந்திருக்கும் கிறுக்குகளை அடுக்ககம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பது பிரமநாயகியின் வழக்கம். செவ்வாய், வியாழன், சனி மட்டும்தான் வாக்கிங். மற்ற நாளில் கால் நடக்காது போலிருக்கிறது. வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துகிறது, மனிதருக்கு முழுக்கைச் சட்டை கேட்கிறது. தண்ணீரைச் சின்ன தம்ளரில் அளந்து குடிக்கிறார். சாப்பாட்டுக்குப் பின் நாட்டு வாழைப்பழம் இல்லாமல் எழுந்திருக்காதவர், இப்போது பழத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அன்று சாயங்காலமும் கீழ்வீட்டுப் பாத்திமுத்துவிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "கல்யாண மாப்ளன்னு நெனப்பு இவியளுக்கு. முழுக்கைச் சட்டைய மாட்டிக்கிட்டு யாரப் பாக்கப் போறாவளோ!"

பாத்திமுத்து சிரிக்கவில்லை. "பால் அடுப்புல இருக்கு பிரமு" என்று உள்ளே போய்விட்டாள். மாலை ஆறு மணிக்கு என்ன பால்? பிரமநாயகி மனதில் குறித்துக்கொண்டாள்: பாத்திமுத்து வீட்டில் ஏதோ சண்டை.

வெள்ளிக்கிழமை மிக்கேலிடம் பேசிப் பார்த்தாள். பாறை மாதிரி ஆள். "அவன் அனுப்புன ஆளா நீங்க?" என்று ஒரே கேள்வி கேட்டான். அதற்கப்புறம் காது கேட்காதவன்போல் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். மறுபடி கடல். மறுபடி அந்த அசையும் கயிறு.

"ஆன்ட்டி, விட்டுருங்க" என்றான் ஜெபசிங். "நாளைக்குக் கடைசி."

"விடுறதா? இன்னும் நான் ஒழுங்கா ஆரம்பிக்கவே இல்லயே. ரெண்டு நாளும் சம்பந்தப்பட்டவன்கிட்டயே போய்ப் பேசிட்டேன். எந்த ஊர்லயாவது சம்பந்தப்பட்டவன்கிட்டப் பேசி ஒரு விசயம் பரவியிருக்கா?"

சனிக்கிழமை காலை ஜெபசிங் யாரையோ பைக்கில் விட்டுவிட்டு வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. வந்ததும் குல்லாயை அவளே எடுத்து மாட்டிக்கொண்டாள்.

இந்த முறை அவள் அவசரப்படவில்லை. மிக்கேல் அந்தக் காட்சியைப் பார்ப்பதற்குச் சில நாள் முன்பிருந்தே கதைக்குள் இறங்கினாள். அங்கே ஒரு வாரம் இங்கே முக்கால் மணி நேரம். முதல் சில நாட்கள் சுவரோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கஸ்பாருடன் சும்மா பேசிக்கொண்டிருந்தாள். அவன் கயிறு திரிப்பான்; இவள் பாளையங்கோட்டை அடுக்ககத்தைச் சந்தி சிரிக்க வைப்பாள். ஏதோ வெளியூர்க் கதை என்று அவன் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டாம் மாடி வளைகாப்பு, வாட்ச்மேனின் குறட்டை, பாத்திமுத்து வீட்டு மர்மப் பால், எல்லாவற்றுக்கும் மேலாகக் குற்றாலிங்கம். செவ்வாய், வியாழன், சனி. முழுக்கை. சின்ன தம்ளர். கஸ்பார் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பது குறைந்தது. பிரமநாயகிக்கு அது பிடிக்கவில்லை. கதை சொல்கிறவளுக்கு மரியாதை வேண்டாமா?

பிறகு ஒருநாள் பொழுது சாயக் கிணற்றடிக்குப் போனாள். 'கிணற்றடியில் பெண்கள் நின்றார்கள்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. அதனால் சேலையும் குடமும் இருந்தனவே ஒழிய, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு வெளிச்சம். பிரமநாயகி பயப்படவில்லை. வாளியைக் கிணற்றில் விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல், தன்பாட்டுக்குச் சொல்வதுபோல் சொன்னாள்:

"எனக்கென்ன வந்துச்சு. ஆனாலும் அந்தப் பிலோமி மகனப் பாத்தேன். செத்துப்போன சூசைக்கு அதே நெத்தி, அதே காது. நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லிராதிய."

ஒரு முகத்தில் மூக்குத்தி முளைத்தது.

"எனக்கு அது எப்பவே தெரியும்" என்றது மூக்குத்தி. அதைச் சுற்றி மெல்ல ஒரு மூக்கும், பிறகு ஆவலோடு இரண்டு கண்ணும் வந்தன. "கஸ்பாருதான் கஞ்சி ஊத்துறான். பாவம்."

"நானும் பாத்திருக்கேன்" என்றது இன்னொரு வெளிச்சம். அதற்கு வெற்றிலைக்காவி ஏறிய பல் வந்தது. "நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்."

ஒவ்வொருத்தியாக முகம் வந்துகொண்டே இருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருத்திக்கொருத்தி தெரியாமல், எல்லோருக்கும். கஸ்பாரின் மனைவி செலசம்மாள் குடத்தோடு வந்து நின்றபோது மட்டும் பேச்சு கப்பென்று நின்றது. அந்த நிற்றலைப் பிரமநாயகி எங்கோ கேட்டிருக்கிறாள். எங்கே என்று உடனே பிடிபடவில்லை. இருக்கட்டும் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு, செலசம்மாளுக்குக் கேட்கும்படி விஷயத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

விஷயம் பரவியதில் எல்லாம் நல்லதாகவே நடக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் பிலோமியின் கூரைமேல் யாரோ கல் எறிந்தார்கள். சூசையின் அப்பா, வள்ளக்காரர், பிலோமி வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி கத்தினார். அந்தப் பெண் பிள்ளையைச் சேலைக்குள் மூடிக்கொண்டு மூலையில் நடுங்கியதைப் பிரமநாயகி கூட்டத்தோடு நின்று பார்த்தாள். பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது அவள் வழக்கம். பேசியது எங்கே போய் விழுந்தது என்று நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை.

கஸ்பார் சுவரோரம் வந்து நின்றான். "நீங்கதானா எக்கா?"

"நாந்தான்."

"செத்தவனுக்குக் குடுத்த வாக்கு அது."

"நீ மீறலயேப்பா. மீறுனது நான். எனக்கும் சூசைக்கும் என்ன பேச்சுவார்த்தை?"

அவன் உள்ளே போய்விட்டான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிலோமி வீட்டுக்குள் போனவள் செலசம்மாள்தான். என்ன பேசினாளோ, வரும்போது பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது. வள்ளக்காரரைப் பார்த்து, "பேரன ஒரு தடவ மொகத்தப் பாத்துட்டுப் பொறவு கத்தும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். கிழவர் பார்த்தார். கத்துவதைத்தான் நிறுத்தினார், அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

விடிந்ததும் வள்ளங்கள் கிளம்பின. மிக்கேல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றான். அவன் பார்க்கிற மாதிரி, அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றாள் அவன் தங்கை. பிள்ளை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது. அவள் சிரித்தாள். மிக்கேல் அவளையே பார்த்துக்கொண்டு வள்ளத்தில் ஏறினான்.

பிரமநாயகி தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். தூரத்தில் வள்ளம் எள்ளளவாகத் தெரிந்தது. ஆனால் கனவில் தூரம் ஏது? அடிக்கடலில் பச்சை வெளிச்சத்தில் கஸ்பார் குனிவதும், பழைய வலை பாம்புபோல் அவன் காலைச் சுற்றுவதும், கயிறு ஒருமுறை அசைவதும் அவள் உள்ளங்கைக்குள் நடப்பதுபோல் தெரிந்தது. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கயிறு மறுபடி அசைந்தது.

இழுப்பு விழுந்தது. ஒரு இழுப்பு, அடுத்த இழுப்பு, பிறகு வெறி பிடித்ததுபோல். கூடவே, அலைக்கு மேலே மிக்கேலின் குரல். மச்சானைத் திட்டிக்கொண்டே, அழுதுகொண்டே இழுத்துக்கொண்டிருந்தான்.

பொழுது சாயக் கஸ்பார் சுவரோரம் வந்தான். காலில் வலை அறுத்த காயத்துக்கு மஞ்சள் பற்று. கையில் ஒரு வலம்புரிச் சங்கு. அதைச் சுவர்மேல் வைத்தான்.

"மச்சான் எல்லாஞ் சொன்னான். என்ன நெனச்சுக்கிட்டுக் கயித்தப் பிடிச்சிருந்தான்னு சொன்னான். நீங்க செஞ்சது சரியான்னு இன்னும் எனக்குத் தெரியல எக்கா. ஆனா மூச்சு விட்டுக்கிட்டிருக்கேன்."

"அது போதும்."

"எனக்காவ ஊர் பூராப் பேசுனிய. ஒங்க ஊர்ல ஒங்களுக்காவப் பேச ஆள் இருக்காவளா?"

"எனக்கா! என்னப் பத்திப் பேச என்ன இருக்கு?"

கஸ்பார் சுவரில் சாய்ந்துகொண்டான். "நானும் சனிக்கெழம சனிக்கெழம போனேன். செலசம் கேட்டா, காத்து வாங்கப் போறேன்னு சொன்னேன். கெழம பாத்து, நேரம் பாத்துப் போறவன் காத்து வாங்கப் போறதில்ல எக்கா."

பிரமநாயகிக்குச் சுருக்கென்றது. "என்ன சொல்லுத? இந்த வயசுல அவியளுக்குத் தொடுப்பா?"

"தொடுப்புக்குப் போறவன் தண்ணிய அளந்து குடிக்க மாட்டான். பிடிச்ச பழத்த ஒதுக்க மாட்டான். வெயில்ல முழுக்கைச் சட்ட போடுறவன் கையில எதையோ மறைக்கான். அது நோவு எக்கா. நீங்க அவரப் பத்தி இவ்வளவு சொன்னிய, நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். கயித்த ஆட்டிக்கிட்டே இருக்காரு அந்த மனுசன்."

கிணற்றடிப் பேச்சு கப்பென்று நின்றது எங்கே கேட்ட நிற்றல் என்று அப்போது பிடிபட்டது. படிக்கட்டில், வாட்ச்மேன் அறையில், பாத்திமுத்து வாசலில். அவள் வந்தால் நிற்கிற பேச்சு.

கண்ணைத் திறந்தாள். ஜெபசிங் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஜெயித்துவிட்டோம் என்று குதிக்க வேண்டியவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குதிக்கவில்லை.

"காலையில யாரய்யா பைக்ல விட்டுட்டு வந்த?"

அவன் மேசைமேல் கிடந்த பைக் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"எங்க வீட்டு இவியளையா?"

"சத்தியம் வாங்கிட்டாங்க ஆன்ட்டி. எல்லார்கிட்டயும். செவ்வாய் பாத்திமுத்து அம்மா மகன், வியாழன் வாட்ச்மேன் அண்ணாச்சி ஆட்டோவுல, சனி நான். கிட்னி ரெண்டும் போயிட்டு. ரத்தத்தச் சுத்தம் பண்றதுக்கு முன்ன மாதிரி இப்ப அரை நாள் ஆகாது, ஒன்றரை மணி நேரந்தான். அதனாலதான் ஒங்களுக்குத் தெரியாமப் போயிட்டு வர முடியுது. 'பிரமுட்ட சொல்லிராதிய, ஊருக்கே தெரிஞ்சுரும்'னு சொன்னாங்க."

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல."

மொட்டைமாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு நாள் அதைக் காயப்போட ஏறும்போதெல்லாம், அதே நேரத்துக்கு, சாத்திய கதவுக்குப் பின்னால் அவன் ஏன் அவ்வளவு சத்தமாகப் பேசினான் என்று அவளுக்கு இப்போதுதான் கேட்கத் தோன்றியது. "ஏய்யா, அதுக்குத்தான் என்ன அங்க அனுப்புனியா?"

ஜெபசிங் குல்லாயின் வயரைச் சுற்றி வைப்பதில் மும்முரமாக இருந்தான். அவன் வாக்குத் தவறுகிற ஆள் இல்லை.

"பெட்டிய அணைக்கணும் ஆன்ட்டி. இப்ப அணைச்சா..."

"எங்க நிக்கான்?"

"சுவரோரமா. ஒங்க வீட்ட எட்டிப் பாத்துக்கிட்டு. பிள்ளை அவரு தோள்ல இருக்கு. நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு காத்துக்கிட்டிருக்காரு."

பிரமநாயகி எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டாள். "காத்திருக்கட்டும். கரையிலதான நிக்கான். ஆனா பெட்டியத் தூக்கிப் போட்டுராத. மூச்சப் பிடிச்சுக்கிட்டு உள்ள இருக்கான்னு வச்சுக்கோ. கயிறு ஒங் கையில."

ஜெபசிங் பைக்கில் கொண்டுபோய் விட்ட இடம் முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனை. மாடியில் வரிசையாகக் கட்டில்கள், ஜன்னலோரக் கட்டிலில் குற்றாலிங்கம். முழுக்கைச் சட்டை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தது. கம்பம் ஏறி ஏறி உரமேறிய அந்தக் கையில், நரம்பு கயிறுபோல் புடைத்து நின்ற இடத்தில் இரண்டு குழாய்கள். ஒன்றில் ரத்தம் போயிற்று, ஒன்றில் வந்தது. அசைகிற வெளிச்சம் இங்கேயும் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏதோ மரம்.

அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குழாய் இல்லாத கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு சொன்னா?"

அவள் பிடித்த கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த ஜெபசிங் பயதான?"

"அவனா ஒண்ணுஞ் சொல்லல. நான் கண்டுபிடிக்குற வரைக்கும் வாய்க்கு வெளிய ஒரு சொல்லு வரல. நீங்க நம்பலாம்."

"பொறவு யாரு?"

"பக்கத்து வீட்டுக்காரன்."

"எந்தப் பக்கத்து வீடு? நம்ம பக்கத்து வீடு பூட்டித்தான கெடக்கு?"

அவள் கையை விடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. நேரம் போகப் போகக் குற்றாலிங்கத்துக்குப் பயம் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்து அவர் பார்த்ததில்லை.

"இதுக்குத்தான் பிரமு சொல்லல" என்றார் மெதுவாக. "ஊருக்குத் தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது. நீ பேச்ச நிறுத்திருவியோன்னுதான். வீட்டுக்கு வந்து கண்ண மூடிக் கெடக்கும்போது நீ அடுப்படியில யாரயாவது வைஞ்சுக்கிட்டிருப்ப. அதக் கேட்டுக்கிட்டே கெடப்பேன். ஏளா, ஏதாவது பேசு."

பிரமநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு நாற்காலியை இன்னும் கொஞ்சம் கட்டிலருகே நகர்த்திக்கொண்டாள்.

"சங்குமுனைன்னு ஒரு ஊரு" என்றாள். "அங்க ஒரு பெரிய சங்கதி நடந்துபோச்சு. நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லிராதிய."